கண்ணுல பறக்கிற பூச்சியும் மதுரையின் ரெண்டு கடிகாரமும்

இந்த எபிசோடை வெளியில நடந்துகிட்டே கேக்குறீங்கன்னா, ஒரு நிமிஷம் நின்னு வானத்தைப் பாருங்க. சூரியனை இல்ல, வெறும் வானத்தை. நம்ம ஊர்ல அதுக்குத் தோதான இடம் ஏ.வி. பாலம். கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டி பாலத்து நடைபாதையில நின்னா, கீழே வைகை மணலும் புதரும், மேலே மத்தியான வெயில்ல வெளுத்துப்போன வானம். பத்து விநாடி அசையாமப் பார்த்தா உங்கள்ல நிறையப் பேருக்கு ஒண்ணு தெரியும். நூல் மாதிரி, புழு மாதிரி, சில பேருக்குத் தவளை முட்டைச் சரம் மாதிரி. பிடிக்கக் கண்ணைத் திருப்பினா அதுவும் ஓடும். கண்ணை நிறுத்தினா மெதுவா கீழே இறங்கும்.

என்கிட்ட இருக்கிற சரத்துக்கு வயசு பதினொண்ணு. காலேஜ் ரெண்டாம் வருஷத்துல வந்துச்சு. மைனஸ் ஆறு பவர் கண்ணாடி போட்ட ஆளு நான். அது ஏன் முக்கியம்னு பின்னாடி சொல்றேன்.

டாக்டர்கள் இதை ஃப்ளோட்டர்ஸ் என்கிறார்கள். லத்தீனில் இதற்கு மஸ்கே வோலிடான்டஸ் என்று ஒரு பழைய பெயர் உண்டு. பறக்கும் ஈக்கள் என்று அர்த்தம். நம்ம ஆட்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாங்க: கண்ணுல பூச்சி பறக்குது. ஆனா நம்ம வீட்டுல இந்த வாக்கியத்தைச் சொன்னதும் முதல்ல வர்ற கேள்வி என்ன? "காலையில சாப்பிட்டியா?" பசி, மயக்கம், பித்தம், ரத்தம் கம்மி, எல்லாத்துக்கும் தமிழில் அதே பூச்சிதான் பறக்கிறது. அதனால் வைத்தியமும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏதாவது சாப்பிடு, கொஞ்சம் படு, காலையில் சரியாகிவிடும். பெரும்பாலான நாட்களில் அது சரியான வைத்தியம்தான். என்றைக்கு அது தப்பான வைத்தியமாகிறது என்பதுதான் இன்றைய எபிசோடு.

வரலாற்று பாட்காஸ்ட்ல கண் வைத்தியம் எதுக்குன்னு கேக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுன்னா உடனே போகணுமா, பொறுத்துப் போகலாமாங்கிற நம்ம உள்ளுணர்வுக்கே ஒரு வரலாறு இருக்கு. மதுரையில அது கொஞ்சம் அழுத்தமாவே இருக்கு.

முதலில் பூச்சியை முடித்துவிடுவோம். கண்ணுக்குள், லென்சுக்குப் பின்னால், விட்ரியஸ் என்கிற கூழ் இருக்கிறது. மொத்தமே 4 மில்லி அளவுதான், ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதி ஹையலூரானிக் அமிலமும் மிக மெல்லிய கொலாஜன் இழைகளும். நுங்கு மாதிரின்னு வச்சுக்கங்க. என்ன, நுங்கு முத்தினா கெட்டியாகும், இது முத்தினா தண்ணியாகும். தண்ணியாக ஆக இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரியாகின்றன. அந்தத் திரியின் நிழல் கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் விழுகிறது. நாம் துரத்துவது அந்த நிழலை. வெள்ளைச் சுவர், வானம், லேப்டாப்பின் வெள்ளைப் பக்கம் இதிலெல்லாம் அது நல்லாத் தெரியறதுக்குக் காரணமும் அதுதான்.

வயது ஐம்பதைத் தாண்டும்போது இந்தக் கூழ் மொத்தமாகச் சுருங்கி, விழித்திரையிலிருந்து கழன்று வரும். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருநாள் நடப்பதுதான். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு முன்னாடியே நடக்கும், ஏனென்றால் அவர்களுடைய கண் நீளமாக இழுபட்ட கண். கழன்று வந்தால் பிரச்சினை இல்லை. எங்காவது ஓரிடத்தில் கெட்டியாக ஒட்டியிருந்தால்தான் பிரச்சினை. நம்ம ஊர்ச் சுவர்ல கல்யாணப் போஸ்டரை உரிக்கிறப்ப சுண்ணாம்பும் சேர்ந்து வரும்ல, அந்த மாதிரி கூழ் விழித்திரையைப் பிய்த்து இழுக்கும். ஒரு சின்னக் கிழிசல் விழும். அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் பின்னால் புகுந்து, ஈரச் சுவர் பூச்சு பெயர்வதுபோல் விழித்திரையைப் பெயர்க்கும். அது விழித்திரை விலகல். ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருகிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால் கண்ணுக்குள்ள சுவரே பெயர்ந்தாலும் ஒரு சொட்டு வலி தெரியாது.

சரி, இப்ப கோரிப்பாளையத்துக்கு வருவோம். கோர் என்றால் பாரசீகத்தில் கல்லறை. அங்கே இருக்கும் தர்காவின் அடக்கத்தலங்களை வைத்து வந்த பெயர் என்பார்கள். வெளியூர்க்காரங்களுக்குக் கோரிப்பாளையம்னா தேவர் சிலை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனிப் பக்கத்துல இருந்து கையில எக்ஸ்ரே கவரோட பஸ்ல இறங்குறவங்களுக்கு அது பெரியாஸ்பத்திரி. இன்று அரசு இராசாசி மருத்துவமனை. வயதானவர்கள் இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று சொல்வதைக் கேட்கலாம். 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயர் அது.

1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1956இல் அதன் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராக ஒருவர் வந்து சேர்ந்தார். கை விரல்கள் எல்லாம் கோணிப்போன ஒரு சர்ஜன். கோவிந்தப்ப வெங்கடசாமி, ஊர் உலகம் பிறகு டாக்டர் வி. என்று அழைத்தவர். 1918இல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, 1944இல் ஸ்டான்லியில் டாக்டராகி ராணுவத்துக்குப் போனார். அவருக்கு ஆசை பிரசவ மருத்துவம். பிரசவத்தில் சொந்தக்காரப் பெண்கள் இறந்ததைப் பார்த்து வளர்ந்தவர். ராணுவத்தில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. நீண்ட நாள் படுக்கை. விரல்கள் மடங்கிப்போய்ப் பேனா பிடிப்பதே பாடாக இருந்த நிலையில் பிரசவ மருத்துவத்தை விட்டுவிட்டுக் கண்ணுக்கு வந்தார். அந்தக் கையில் பிடிக்கத் தோதாகக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். கோணின விரலோட கண் ஆபரேஷன்னு கேக்குறப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். அவரோட நோயாளிகளுக்கு இருந்த மாதிரி தெரியல.

1960களில் அவர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியின் சுவர்களைத் தாண்டி ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தத் தொடங்கினார். அன்றைக்குத் தென் தமிழ்நாட்டில் பார்வையிழப்பு என்றால் முதன்மையாகக் கண்புரை. அதை எடுத்தால் பார்வை திரும்பும். திரும்பும் என்று தெரியாமலேயே, தெரிந்தாலும் பஸ் காசும் துணைக்கு ஆளும் இல்லாமல் திண்ணையில் முடங்கிக் கிடந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முகாம் அவர்களைத் தேடிப் போனது. 1976இல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். உலகத்துல எந்த மேனேஜ்மென்ட் வகுப்புக்குப் போனாலும் மதுரை உதாரணமா வருது.

இந்த வரலாற்றுக்குள் ஒரு சின்னச் சொல் ஒளிந்திருக்கிறது. முத்தட்டும். "புரை இன்னும் முத்தல, முத்தினதும் எடுத்துக்கலாம்." உங்க வீட்டுல யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. இது மூடநம்பிக்கை கிடையாது. லென்சை எடுத்துவிட்டுப் பதிலுக்கு எதுவும் வைக்க முடியாத காலத்தில், ஆபரேஷனுக்குப் பிறகு சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் வாழ வேண்டும். கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கிறவருக்கு அது லாபம் இல்லை. முத்தாத புரையை அன்றைய முறைகளில் முழுசாக எடுப்பதும் கஷ்டம். ஆகவே டாக்டர்களே காத்திருக்கச் சொன்னார்கள். 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலில் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. அதன் பிறகு முத்துகிற வரைக்கும் காத்திருக்க வேண்டிய காரணம் தேய்ந்துபோனது. சொல் மட்டும் தேயவில்லை.

எங்க அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம். கண்ணுல புரைன்னு தெரிஞ்சப்புறம், அறுப்பு முடியட்டும், பேத்தி காதுகுத்து முடியட்டும், அடுத்த கேம்ப் வண்டி வரட்டும்னு ரெண்டு வருஷம் ஓட்டுச்சு. ஒண்ணும் குடி முழுகல. ஆபரேஷன் முடிஞ்சு வந்து ஊசியில நூல் கோத்துக் காட்டுச்சு. இந்தக் காட்சியை மதுரையைச் சுத்தி எத்தனை குடும்பம் பார்த்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. நாற்பது ஐம்பது வருஷமா இந்தப் பக்கத்து ஜனங்க தங்கள் கண்ணாலேயே கத்துக்கிட்ட பாடம் இது: கண் காத்திருக்கும். எப்போ போனாலும் டாக்டர் பார்வையைத் திருப்பிக் குடுத்துருவாரு.

புரையின் கடிகாரம் அது. விழித்திரைக்கு வேறு கடிகாரம். அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதை மதுரைக்கு வெளியே, ஐரோப்பாவில் தொடங்குகிறது.

1851க்கு முன்னால் உயிருள்ள ஒரு மனிதரின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்த டாக்டர் யாரும் இல்லை என்றே சொல்லலாம். அந்த ஆண்டில்தான் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கண்நோக்கியை வெளியிட்டார். அதற்குள் வெளிச்சம் பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சத்திலேயே விழித்திரையைப் பார்க்கும் கருவி. அடுத்த சில ஆண்டுகளிலேயே விலகிய விழித்திரையையும் அதில் இருந்த கிழிசலையும் பார்த்துவிட்டார்கள். பார்த்தார்களே தவிர, கிழிசலால்தான் விலகுகிறதா, விலகியதால் கிழிந்ததா என்று அறுபது எழுபது வருடம் சண்டை போட்டார்கள். அதுவரைக்கும் நோயாளிக்கு என்ன வைத்தியம் தெரியுமா? மல்லாக்கப் படுக்க வைத்து, ரெண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. வாரக்கணக்கில். ஏறக்குறைய எல்லோருக்கும் பார்வை போனது. நம்ம "சாப்பிட்டுப் படு"க்கும் அதுக்கும் பெரிய தூரம் இல்ல.

சண்டையை முடித்தவர் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஜூல் கோனன். கிழிசல்தான் காரணம், அதை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று அடித்துச் சொன்னார். கிழிசல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குள் வரைபடம் போட்டுக்கொண்டு, அதே இடத்தில் வெளியிலிருந்து சூடுகோலால் சுட்டு வடுவாக்கினார். சக டாக்டர்கள் பத்து வருடத்துக்கு மேல் நம்பவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கண் மருத்துவ மாநாட்டுக்குப் பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். அதுவரை பூஜ்யத்தை ஒட்டியிருந்த வெற்றி பாதிக்குப் பாதி ஆனது. கோனன் கவனித்த இன்னொன்று நமக்கு முக்கியம். விலகிய கொஞ்ச நாளில் வந்தவர்களுக்குப் பார்வை தேறியது, மாதக்கணக்கில் கழித்து வந்தவர்களுக்குத் தேறவில்லை. விழித்திரையின் செல்கள் ஆக்சிஜனை அதன் பின்னால் இருக்கும் ரத்தநாளப் படலத்திலிருந்து வாங்குகின்றன. சுவரை விட்டுப் பெயர்ந்தால் சோறு தண்ணி கிடையாது. அப்படிச் செத்த செல் திரும்ப முளைக்காது. இந்தக் கண்ணுக்கு அடுத்த கேம்ப் கிடையாது.

இதுக்கு நடுவுல ஒரு கிரகணக் கதை. 1945 ஜூலையில் ஐரோப்பாவில் தெரிந்த சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்ட ஒருவரை, மேயர்-ஷ்விக்கரத் என்ற ஜெர்மன் டாக்டர் பரிசோதித்தார். எல்லாரும் ஐயோ பாவம்னு சொல்ற இடத்துல அவருக்கு வேற யோசனை வந்துச்சு. வெளிச்சத்தால் விழித்திரையில் வடு போட முடியும் என்றால், கிழிசலைச் சுற்றி வேண்டுமென்றே போட்டால் என்ன? ஆஸ்பத்திரிக் கூரையில் கண்ணாடி வைத்துச் சூரிய ஒளியைக் கீழே இறக்கி நோயாளியின் கண்ணுக்குள் பாய்ச்சினார். மேகம் வந்தால் அன்றைக்கு வைத்தியம் லீவு. பிறகு சூரியனுக்குப் பதில் செனான் விளக்கு, அதன் பிறகு லேசர். இன்றைக்குக் கிழிசலை மட்டும் பிடித்துவிட்டால், உட்கார்ந்த இடத்தில் சில நிமிட லேசரில் முடிந்துபோகும் வேலை அது.

கிழிசலைப் பிடிப்பதுதான் கஷ்டம். பெரும்பாலும் அது விழித்திரையின் ஓரத்தில், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில் இருக்கும். அந்த ஓரத்தைக் காட்டிக் கொடுத்த கருவியை உண்டாக்கியவர் சார்லஸ் ஷெப்பென்ஸ். பெல்ஜியத்துக்காரர். கண் ஆஸ்பத்திரிக்குப் போனா சில டாக்டர்கள் தலையில லைட்டு மாட்டி, கையில ஒரு லென்சைப் பிடிச்சுக்கிட்டு, "மேல பாருங்க, கீழ பாருங்க"ன்னு சொல்வாங்கல்ல, அந்தத் தலைக்கருவி இவருடையது. இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் தேட, ஷாக் பெரோ என்ற பொய்ப்பெயரில் பிரான்ஸ் எல்லையில் ஒரு மலை கிராமத்தில் மரம் அறுக்கும் ஆலை முதலாளியாக நடித்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மலை தாண்டி ஸ்பெயினுக்குத் தப்பவிட்டவர். போர் முடிந்ததும் லண்டனில் அந்தக் கருவியைச் செய்து, 1947இல் பாஸ்டனுக்குப் போய் விழித்திரை மருத்துவத்தையே ஒரு தனித் துறையாக்கினார். (இந்த மனுஷனுக்குன்னு தனி எபிசோடு பண்ணணும்.)

ஷெப்பென்ஸிடம் பாஸ்டனில் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் சென்னைக்காரர். எஸ்.எஸ். பத்ரிநாத். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். மதுரையில் டாக்டர் வி.யோடு நின்ற நம்பெருமாள்சாமியும் விழித்திரை நிபுணர்தான். அரவிந்தின் தலைமைக்குப் பிறகு வந்தவர், 2007இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆக, 1970களின் கடைசியிலிருந்தே விழித்திரையைப் பார்க்கத் தெரிந்த கைகள் தமிழ்நாட்டில் இருந்தன. கை வந்துவிட்டது, வேனும் முகாமும் புரைக்காகவே ஓடின. அதில் தப்பு சொல்ல எனக்கு மனசு வரல. ஆயிரம் பேரைத் திண்ணையிலிருந்து எழுப்பக்கூடிய வேலையைத்தானே முதலில் செய்வார்கள்? ஆனால் முகாம் நாளில் வந்து வரிசையில் நிற்கிற நோய் விழித்திரைக் கிழிசல் இல்லை. அது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரும், வியாழக்கிழமைக்குள் பார்க்கணும். அதை முகாமால் பிடிக்க முடியாது, நோயாளியே ஓடி வரணும்.

இதெல்லாம் வயசானவங்க சமாச்சாரம்னு நினைச்சு நீங்க ஃபார்வர்டு பண்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன். 1880இல் பர்மிங்ஹாமில் ஹென்றி ஈல்ஸ் என்ற டாக்டர் ஒரு விசித்திரத்தைக் குறித்தார். அவரிடம் வந்த சில இளைஞர்களுக்குக் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்தது. மூக்கிலும் ரத்தம் வந்தது, மலச்சிக்கலும் இருந்தது என்பதால் மூன்றையும் முடிச்சுப் போட்டார். முடிச்சு தப்பு, கண்ணில் கண்டது சரி. ஈல்ஸ் நோய் என்று இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. மேலை நாடுகளில் அது இப்போது அபூர்வம். இந்தியத் துணைக்கண்டத்தில் இன்னும் இருக்கிறது, அதிகமும் இருபது முப்பது வயது ஆண்களுக்கு. காசநோய்க் கிருமிக்கு உடல் காட்டும் எதிர்வினையோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகக் கருதுகிறார்கள். அதன் முதல் அடையாளம் என்ன தெரியுமா? ஒருநாள் காலையில் கண்ணில் புதுசாகப் பூச்சி பறக்கும், இல்லை சிலந்தி வலை தொங்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே மாதிரி கண்ணுக்குள் ரத்தம் கசியலாம், புகை படர்ந்த மாதிரி தெரியும். நம்ம தலைமுறைக்கு சர்க்கரை சீக்கிரமே வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் கிட்டப்பார்வை. லாசிக் பண்ணிக்கிட்டேன், இப்ப எனக்குக் கண்ணாடியே இல்லன்னு சொல்ற ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் இதைச் சொல்லுங்க. லாசிக் கண்ணின் முன்பக்கத்தைத்தான் செதுக்குகிறது. இழுபட்ட பின்பக்கம் அப்படியே இருக்கிறது. கண்ணாடி போனதால் விழித்திரையின் ஆபத்து போகவில்லை.

சரி, இருக்கிற பூச்சியோட எப்படி வாழுறது? பழைய பூச்சி, ரெண்டு மூணு, வருஷக்கணக்கா அதே உருவத்துல இருக்குன்னா, ஒருதரம் டாக்டரிடம் காட்டிட்டு அப்படியே விட்டுடலாம். மூளை மெல்ல மெல்ல அதைக் கண்டுக்காம விட்டுரும். எனக்கு இப்போல்லாம் வெள்ளைப் பக்கத்துல நீளமா எழுதுறப்ப மட்டும்தான் தொந்தரவு, டார்க் மோடுல போட்டா அதுவும் இல்ல. அன்னாசிப்பழம் சாப்பிட்டா கரையும்னு வாட்ஸ்அப்ல சுத்துறது, 2019இல் தைவானிலிருந்து வந்த ஒரு ஆய்வை வச்சு. டம்மி மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு அது. ஃப்ளோட்டர்ஸ் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவும் மங்கும், அதனால் என்ன சாப்பிட்டாலும் அதுதான் கரைத்தது என்று தோன்றும். அன்னாசி நல்ல பழம், சாப்பிடுங்க. கூழையே எடுத்துவிடும் ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் அதற்கே விழித்திரை விலகும் ஆபத்தும் புரை வரும் ஆபத்தும் உண்டு என்பதால், வாழ்க்கையே நடத்த முடியாத அளவுக்குத் தொந்தரவு உள்ளவர்களுக்கு மட்டும்தான் யோசிப்பார்கள்.

ஓட வேண்டிய பூச்சி வேற மாதிரி. திடீர்னு வரும், கூட்டமா வரும். மிளகுத் தூளைத் தூவின மாதிரி, இல்ல மை சிந்தின மாதிரி. இருட்டுல கண்ணோட ஓரத்துல மின்னல் வெட்டும். பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து திரை விழுகிற மாதிரி நிழல் வரும். இதில் எது வந்தாலும் அன்றைக்கே, ரொம்ப முடியலன்னா மறுநாள் காலையில் போக வேண்டும். கண்ணில் கிரிக்கெட் பந்து பட்டு அதற்குப் பிறகு பூச்சி வந்தாலும், புரை ஆபரேஷன் செய்த அப்பா அம்மாவுக்குப் புதுசாகப் பூச்சி வந்தாலும் அப்படித்தான். கண் சிவந்து வலியோட பூச்சி வந்தா அது வேற அழற்சியா இருக்கலாம், அதுவும் காத்திருக்கிற கேஸ் இல்ல.

நிழல் எந்தப் பக்கம்னு பாருங்க. கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால், கீழேயிருந்து நிழல் ஏறினால் பெயர்ந்திருப்பது மேல் பகுதி. தண்ணீர் கீழ்நோக்கித்தானே இறங்கும்? அது நடுவில் இருக்கும் மாக்குலாவை நோக்கி வருகிறது. படிப்பது, முகம் பார்ப்பது எல்லாம் அந்த நடுப்பகுதியில்தான். அது பெயர்வதற்கு முன்னால் போனால் பார்வை பெரும்பாலும் முழுசாக நிற்கும். பெயர்ந்த பிறகு போனாலும் விழித்திரையை ஒட்டிவிடலாம், பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு முதல் ஆபரேஷனிலேயே ஒட்டுகிறது. ஆனால் பழைய பார்வை திரும்புமா என்பது வேறு கணக்கு.

தினமும் ஒரு கண்ணை மூடி மற்றதால் பார்க்கும் பழக்கம் நல்லது. ரெண்டு கண்ணும் திறந்திருந்தா ஒண்ணோட ஓட்டையை இன்னொண்ணு நிரப்பிரும். ரெண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் வளைவு நெளிவாக மினுமினுத்து, இருபது முப்பது நிமிஷத்தில் மறைந்துவிட்டால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி சம்பந்தப்பட்டது. ஆனா முதல் தடவைன்னா நீங்களா முடிவு பண்ணாதீங்க.

எங்க போறது? கண்ணாடிக் கடையில இருக்கிற கம்ப்யூட்டர் டெஸ்ட் பவரை மட்டும்தான் பாக்கும். பூச்சி பறக்குதுன்னு அங்க போனா புதுக் கண்ணாடியோட திரும்பி வருவீங்க. கண் மருத்துவர்கிட்ட போங்க, ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமையோ ஆயிட்டா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. டோக்கன் போடுற இடத்துலயே, "கண்ணு மங்கலா இருக்கு"ன்னு சொல்லாம, "திடீர்னு பூச்சி பறக்குது, மின்னல் அடிக்குது, இன்னைக்குத்தான் ஆரம்பிச்சுது"ன்னு சொல்லுங்க. மங்கல்னு சொன்னா வரிசையில உக்கார வைப்பாங்க.

சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரிப்பார்கள். அரை மணி நேரம் ஆகும், அப்புறம் நாலைந்து மணி நேரம் பக்கத்தில் இருப்பது மங்கும், வெயில் கூசும். வண்டியை வீட்டுல விட்டுட்டுப் போங்க, இல்ல ஓட்டுறதுக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க. சொட்டு வேணாம், சீக்கிரம் பாத்து அனுப்புங்கன்னு கெஞ்சாதீங்க. ஷெப்பென்ஸ் கருவி விரிந்த கண்பாவை வழியாகத்தான் ஓரம்வரை போகும். புதுசாகப் பூச்சி, மின்னல் என்று வந்து, கூழ் கழன்றதால்தான் அது என்று தெரிந்தவர்களில் சுமார் ஏழு பேரில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கிறது. ஆறு பேர் பயந்தது வீண்னு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவாங்க. டாக்டர்கள் யாரும் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.

அந்த ஆறு பேருக்கும் சீட்டில் ஒரு தேதி எழுதிக் கொடுப்பார்கள், பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் கழித்து. அதற்குள் பூச்சி அடங்கியிருக்கும், மின்னல் நின்றிருக்கும், ஆபீஸ்ல லீவு கேக்க சங்கடமா இருக்கும். ஆனாலும் போங்க. கூழ் முழுசாகக் கழன்று முடிய வாரங்கள் ஆகும், கிழிசல்களில் சில முதல் நாளில் இல்லாமல் அந்த இடைவெளியில்தான் விழுகின்றன.